யார் இறந்தால் விடுப்பு

எங்கள் பீங்கான் யூனிட்டுக்கு நான் எழுதிய விதிகளில் மிகச் சிறியது சாவு விடுப்பு பற்றியது. அதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. மற்ற விதிகளுக்கு மண்ணையும் மிஷினையும் சூளையையும் பார்த்தால் போதுமாயிருந்தது. இதற்கு அப்படி எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விருத்தாசலத்தில் அந்த யூனிட்டில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. அதற்கு முன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் வயதாகி ஆபீஸை மூடிவிட்டார். கணவருக்கு மருந்துக் கடையில் வேலை. மகள் கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் போய்விடலாம் என்பதால் அந்த வேலையை ஒப்புக்கொண்டேன்.

யூனிட்டில் ஃபியூஸ் கட்டைகளும் சின்ன இன்சுலேட்டர்களும் செய்தார்கள். ஐம்பதுக்கு மேல் ஆட்கள். பாதிக்கு மேல் பெண்கள். அங்கே விதி என்று எழுத்தில் எதுவும் கிடையாது. முதலாளி வாயால் சொல்வதுதான் விதி. அவர் மோசமானவர் இல்லை. ஒருத்தருக்கு லீவு கேட்டால் கொடுப்பார், இன்னொருத்தருக்கு அதே காரணத்துக்குக் கொடுக்க மாட்டார். கேட்டால், "அவன் நெலம வேற, இவன் நெலம வேற" என்பார். அது உண்மையாகவும் இருக்கும். கேட்கப் போகிறவர்கள் முதலில் அவருடைய கார் நிற்கும் விதத்தைப் பார்த்து, அன்றைக்கு அவர் மனநிலை எப்படி என்று கணித்துவிட்டுப் போவார்கள்.

வடக்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் சரக்கு வாங்க முன்வந்தது. பார்வையிட வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் எழுதிய விதிகள் எங்கே என்று கேட்டார்கள். முதலாளி யாரிடமோ சொல்லி ஆங்கிலத்தில் ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தார். ஏதோ ஊரில் ஏதோ ஒரு கம்பெனிக்காக எழுதியது. அதில் எங்கள் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். பனிக்காலத்தில் படிக்கட்டில் உறைந்த பனியை அகற்றுவது பற்றிக்கூட ஒரு பக்கம் இருந்தது.

"இத அப்படியே தமிழ்ல போட்டுடுங்கம்மா. செவுத்துல ஒட்டிடலாம்" என்றார்.

முதல் வாரம் அப்படித்தான் செய்தேன். வக்கீல் ஆபீஸ் தமிழ் எனக்குக் கைவந்திருந்தது. 'மேற்படி', 'சம்பந்தப்பட்டவர்', 'உரிய காலத்தில்', 'கூடியவரை' என்று வாக்கியங்கள் தாமாகவே வந்தன. முகக் கவசம் பற்றிய விதியை இப்படி எழுதினேன்: 'தூசு உள்ள பகுதிகளில் முகக் கவசம் அணியப்பட வேண்டும்.' அதைப் பிரின்ட் எடுத்து மண் அரைக்கும் இடத்தில் ஒட்டினோம். யாரும் அணியவில்லை. மண் அரைக்கிற இடத்தில் பறக்கிற வெள்ளைத் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அங்கே வேலை செய்த ஒருவரிடம் கேட்டேன். "ஏன் மாஸ்க் போடல?"

"எங்க இருக்குது மேடம் மாஸ்க்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

மாஸ்க் சூப்பர்வைசரின் பீரோவில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. என் வாக்கியத்தில் அதை யார் எடுத்துக் கொடுப்பது என்பதே இல்லை. அன்று மாலை மாற்றி எழுதினேன். 'ஷிஃப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் ஆளுக்கொரு மாஸ்க் கொடுக்க வேண்டும். மாஸ்க் இல்லாமல் யாரையும் மண் அரைக்கும் இடத்துக்குள் விடக் கூடாது.'

சூப்பர்வைசர் மறுநாள் காகிதத்தோடு என் மேஜைக்கு வந்தார். இருபது வருடமாக அங்கே இருப்பவர். கம்மாபுரம் பக்கத்துக்காரர்.

"மேடம், இது அவங்களுக்குப் போட்ட ரூலா, எனக்குப் போட்ட ரூலா?"

"ரெண்டு பேருக்கும்தாங்க."

"அவங்க பேரு எங்கயும் காணோமே. என் பேருதான் இருக்குது."

அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வாரமே மாஸ்க் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு விதியிலும் யார் செய்ய வேண்டும் என்பதை முதல் வார்த்தையாக வைக்கப் பழகினேன். எழுதியதை ஒட்டும் முன் டீ நேரத்தில் ஷெட்டில் நின்று எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படிக்கும்போது யாராவது முகம் சுளித்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். தடிப் புத்தகம் பக்கம் பக்கமாக மெலிந்துகொண்டே வந்தது. முதலாளிக்கு அதில் வருத்தம்தான். கனமாக இருந்தால்தான் வருகிறவர்கள் மதிப்பார்கள் என்று நினைத்தார்.

இப்படித்தான் சாவு விடுப்பு வரை வந்து சேர்ந்தேன்.

ஆங்கிலப் புத்தகத்தில் நெருங்கிய குடும்பத்தினர் இறந்தால் சம்பளத்தோடு மூன்று நாள் என்று இருந்தது. யார் நெருங்கியவர் என்று அதில் இல்லை. தெளிவில்லாத விதி சண்டையில் முடியும் என்று எனக்கு அதற்குள் பிடிபட்டிருந்தது. அதனால் விவரமாக எழுதினேன். தாய், தந்தை, கணவர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார். இவர்களில் யாராவது இறந்தால் மூன்று நாள்.

டீ நேரத்தில் படித்தேன். மற்ற விதிகளைப் படிக்கும்போது யாராவது சிரிப்பார்கள், யாராவது குறுக்கே பேசுவார்கள். இதைப் படித்தபோது கேள்விகள்தான் வந்தன. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண் கேட்டார்.

"சித்தப்பா வராதா மேடம்? எங்கப்பா செத்தப்புறம் அவருதான் எங்கள வளத்தாரு."

பேக்கிங்கில் இருந்த ஒருவர் மாதாகோயில் தெருக்காரர். "ஞானஸ்நானத்துல என்னக் கைல ஏந்தின ஞானத்தாயி இருக்காங்க. எனக்கு அம்மா மாதிரி. அவங்கள எதுல சேக்குறது?" என்றார்.

"தாய்மாமன் இல்லாம சாவு வூட்டுல காரியம் நடக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் எழுதிக்கொண்டே போனேன். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், அத்தை, தாத்தா, பாட்டி, ஞானப்பெற்றோர், மச்சான், நாத்தனார். பக்கத்து வீட்டு ஆயா வரை வந்தது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"விருத்தாசலத்துல பாதிப் பேரு இதுலயே இருக்காங்களேம்மா" என்றார். பேனாவை வாங்கி, நான் முதலில் எழுதிய எட்டோடு ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் போனார்கள். விதி அப்படியே ஒட்டப்பட்டது. கூடவே ஒரு படிவமும் அடித்தோம். அதில் 'இறந்தவரின் உறவுமுறை' என்று ஒரு கட்டம்.

சில மாதங்கள் அதனால் எந்தத் தகராறும் வரவில்லை. இரண்டு பேருக்கு மாமனார் இறந்தார், ஒருவருக்கு அம்மா. மூன்று பேரும் படிவம் எழுதினார்கள், போனார்கள், வந்தார்கள். முதலாளியின் கார் எப்படி நிற்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதில் திருப்திதான்.

கிளேஸ் செக்ஷனில் ஒரு பெண் வேலை செய்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சூளைக்குப் போக வேண்டிய ஃபியூஸ் கட்டைகளை, பீங்கானுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் கரைசலில் முக்கியெடுத்து, அடிப்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவார். துடைக்காமல் விட்டால் சூளைக்குள் அடுக்கும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் பேச மாட்டார். கணவர் பல வருடங்களுக்கு முன்னால் அவரையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, வேப்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போய்விட்டார். இவர் ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தபடியே மகளை வளர்த்து, திட்டக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டார். இவ்வளவும் யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

ஒரு நாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் அவர் ஆபீஸ் வாசலில் நின்றார். சூப்பர்வைசரும் அங்கே இருந்தார்.

"ஒரு சாவு மேடம். போவணும்" என்றார்.

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பெயர் எழுதினார், செக்ஷன் எழுதினார். உறவுமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"யாருக்கா?" என்று கேட்டேன்.

"அவரு வூட்டுல இருந்தவங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. சூப்பர்வைசருக்குப் புரிந்துவிட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கணவர் யாரோடு போய் வாழ்ந்தாரோ, அந்தப் பெண் இறந்துவிட்டார்.

"தங்கச்சின்னு எழுதிடு. யாரு போய்ப் பாக்கப் போறாங்க?" என்றார் சூப்பர்வைசர். உதவியாகத்தான் சொன்னார்.

கிளேஸ் செக்ஷன் பெண் பேனாவை மேஜைமேல் வைத்தார். "எனக்குத் தங்கச்சி கெடையாதுங்க. அந்தம்மாவ நான் தங்கச்சின்னு எழுத மாட்டேன்."

"அப்ப லிஸ்ட்டுல இல்லியேம்மா."

"இல்லன்னா பரவால்லைங்க. போயிட்டு வரேன்."

படிவத்தை அப்படியே விட்டுவிட்டு வேப்பூர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். அந்தக் கட்டம் காலியாக இருந்த படிவம் என் மேஜையில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் எழுதிய விதிகளில் எதிலும் இல்லை. வேறொரு விதி இருந்தது. அனுமதி இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் வராதவருக்கு மெமோ கொடுத்து எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் ஆபீஸ் பொறுப்பாளர். அதாவது நான்.

அந்த வாரம் முழுவதும் அவர் வரவில்லை. கிளேஸ் செக்ஷனில் ஆள் குறைந்ததால் சூளை ஏற்றுவது தள்ளிப்போனது. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "மெமோ போடணும் மேடம். மாஸ்க்குக்கு என்னக் கேட்டீங்க, நான் செஞ்சேன். இப்ப உங்க முறை" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. நடைமுறையைத்தான் சொன்னார்.

முதலாளி ஊரில் இல்லை. இருந்திருந்தால், பழைய மாதிரி "போயிட்டு வாம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். விதி வந்தபிறகு அந்த ஒரு வார்த்தைக்கு இடமில்லாமல் போயிருந்தது. மெமோவை அடித்தேன். நாலே வரி. தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். என் மாமியார் வீடு வேப்பூருக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் அங்கே போக வேண்டியிருந்தது. மெமோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் சாவு நடந்த வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். ஓட்டு வீடு. முன்னால் தகரம் இறக்கியிருந்தது. பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. தகரத்தின் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் தூக்கி வைத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் தரையில் புத்தகம் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்குப் பதினைந்து வயது இருக்கும். உள்ளேயிருந்து எங்கள் கிளேஸ் செக்ஷன் பெண் கரண்டியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார்.

"வாங்க மேடம். உக்காருங்க. டீ போடறேன்."

சாவு வீட்டில் எதுவும் குடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவரே, "பதினாறு இன்னும் ஆவல. தண்ணியாச்சும் குடிங்க" என்றார். குடித்தேன். வேப்ப மரத்தடிக்குப் போய் நின்று பேசினோம். நாற்காலியில் இருந்தவர் எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்கும் முன்பே கிளேஸ் செக்ஷன் பெண் தாமாகச் சொன்னார்.

"அந்தம்மா இருந்த வரைக்கும் நான் இந்த வூட்டு வாசப்படி மிதிச்சதில்ல மேடம். போன மாசம் ஆளு வுட்டு என்னக் கூப்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வயித்துல கட்டி. சண்ட போடலாம்னுதான் போனேன். எத்தினி வருசத்துது இருக்குது. போய் நின்னா, அந்தம்மா என்னப் பாத்து, புள்ளைங்களுக்குப் பரீட்ச வருதுன்னாங்க. அவ்ளோதான் பேசினாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னு கூடச் சொல்லல. வந்துட்டேன். அப்புறம் செத்துட்டாங்கன்னு போன் வந்துச்சு. சின்னது இன்னும் சோறு வடிக்கத் தெரியாத புள்ள. பெரியவ பத்தாவது. இவரு இப்படி ஆயி ஒரு வருசம் ஆவுது." நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் அசைத்தார். "இவருக்காவ இல்ல மேடம். இவரு அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாராம். போவட்டும். பரீட்ச முடியட்டும்னு இருக்கேன்."

மெமோவை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கொடுக்காமல் திரும்பினால் அது இன்னொரு விதமான பாரபட்சம் என்றும் தோன்றியது. கடைசியில் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இப்பவே எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார்.

பெரிய பெண்ணிடம் ஒரு தாள் கிழித்து வாங்கினார். மரத்தில் வைத்து எழுதினார். 'ஒருத்தங்க இறந்துட்டாங்க. அந்த வூட்டுல ஆளு இல்ல. போனேன். பரீட்சை முடிஞ்சு வருவேன்.' கீழே கையெழுத்துப் போட்டார். நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். அன்று அங்கே என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை.

முதலாளி திரும்பி வந்ததும் மெமோவையும் விளக்கத்தையும் அவர் முன்னால் வைத்தேன். சூப்பர்வைசரும் வந்து நின்றார். முதலாளி படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இதுக்குப் போய் மெமோவாம்மா? லீவு போட்டுடுங்க. ஸ்பெஷல் கேஸு."

"அன்னைக்கு சித்தப்பாவுக்காகக் கேட்டவங்களுக்கு என்ன சொல்றதுங்க? அவங்க சித்தப்பா போன மாசம் இறந்தாரு. சம்பளம் இல்லாமத்தான் போயிட்டு வந்தாங்க."

"அப்போ சித்தப்பாவையும் சேத்துடுங்க."

"இவங்கள என்னன்னு சேக்கறது?"

புருஷனோடு குடும்பம் நடத்தியவளின் சாவு என்று தமிழில் எழுதிப் பார்க்கலாம். எழுதினால் அதைச் சுவரில் ஒட்ட முடியாது. நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

நான் சொன்னேன். "லிஸ்ட்டையே எடுத்துடலாங்க. ஆளுக்கு வருஷத்துக்கு இத்தன நாள் சாவு லீவுன்னு வெச்சிடலாம். யாரு செத்தாங்கங்கறது நம்ம கணக்குல வேணாம்."

"வருஷா வருஷம் ஆளுக்கொரு சாவு வெச்சுக்குவாங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

"வெச்சுக்குவாங்க" என்று முதலாளியும் தலையாட்டினார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். அவர் மனம் இளகி முடிவெடுத்தார் என்று சொல்ல மாட்டேன். "யாரு யாருக்கு என்ன மொறன்னு ஒவ்வொரு சாவுக்கும் நான் பஞ்சாயத்து பண்ணிட்டிருக்க முடியாது. எனக்குச் சரக்கு போவணும். ஒரு வருஷம் வெச்சுப் பாக்கலாம். ஏமாத்துனா எடுத்துடுவேன்" என்றார்.

அன்றைக்கே எழுதினேன். 'ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஐந்து நாள் சாவு விடுப்பு உண்டு. யார் இறந்தார் என்று சூப்பர்வைசர் கேட்கக் கூடாது.' எனக்கு அது நல்ல வாக்கியமாகப் பட்டது. யார் செய்யக் கூடாது என்பது முதற்கொண்டு தெளிவாக இருந்தது.

டீ நேரத்தில் படித்தேன். ஐந்து நாள் என்றதும் முகங்கள் மலர்ந்தன. இரண்டாவது வாக்கியத்துக்கு முகம் சுளித்தார்கள்.

"அதென்ன மேடம், சாவுன்னு வந்து நிக்கறோம், யாருன்னு கூடக் கேக்க மாட்டீங்களா?" என்றார் பேக்கிங்காரர்.

"உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னுதான்" என்றேன்.

"இதுல என்ன தொந்தரவு? எங்கம்மா செத்தப்ப இவரு கேட்டாரு." சூப்பர்வைசரைக் காட்டினார். "சொன்னேன். தோள்ல கை வெச்சாரு. கேக்காம காயிதத்த வாங்கி வெச்சிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

சூப்பர்வைசர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியாது.

அந்த இரண்டாவது வாக்கியத்தோடு மேலும் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கேட்கக் கூடாது என்றால் மரியாதைக் குறைவு. கேட்கலாம் என்றால் மறுபடியும் பேனா அந்தக் கட்டத்தில் வந்து நிற்கும். வீட்டில் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர், "சொல்லலாம் சொல்லாம இருக்கலாம்னு போடேன்" என்றார். எழுதிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. விதி எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று யோசித்தபோதுதான் பிடி கிடைத்தது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் என்ன கேட்கிறார்கள் என்பதில் எனக்கு வேலை இல்லை. விடுப்பு எதைப் பொறுத்துக் கிடைக்கிறது என்பது மட்டும்தான் என் வேலை. கடைசியில் எழுதியது இது:

'ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஐந்து நாள் சாவு விடுப்பு உண்டு. சாவு என்று சொன்னவுடன் சூப்பர்வைசர் விடுப்புக் கொடுக்க வேண்டும். இறந்தவர் என்ன உறவு என்பதைப் பொறுத்து விடுப்பைக் கூட்டவோ குறைக்கவோ மறுக்கவோ கூடாது.'

படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். டீ நேரத்தில் படித்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மட்டும், "நாய் செத்தா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர், "மனுஷன்னு ஒரு வார்த்த போட்டுடுங்கம்மா" என்றார். போட்டேன்.

ஏமாற்றினார்களா என்றால், ஏமாற்றினார்கள். மண் அரைக்கும் இடத்தில் ஒரு இளைஞன் சாவு என்று சொல்லிவிட்டு நெய்வேலியில் கிரிக்கெட் மேட்ச் ஆடினான். கோப்பையோடு நிற்கும் படம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. சூப்பர்வைசர் அதை முதலாளியிடம் காட்டினார். முதலாளி அவனைக் கூப்பிட்டு, "செத்தது யாருடா, எதிர் டீமா?" என்று கேட்டார். அந்த வருடத்தில் அவனுக்கு மிச்சமிருந்த சாவு விடுப்பை ரத்து செய்யலாமா என்று என்னைக் கேட்டார். விதியில் அப்படி இல்லை என்றேன். அவன் தாத்தா நிஜமாகவே அந்த மாசியில் இறந்தார். அப்போது அவன் கேட்கத் தயங்கி வாசலில் நின்றதையும், சூப்பர்வைசர் போ என்று கையைக் காட்டியதையும் பார்த்தேன். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது பாதிப் பேர் ஒரு நாள்கூட எடுத்திருக்கவில்லை. முதலாளி விதியை எடுக்கவில்லை. வைத்திருக்கலாம் என்றும் சொல்லவில்லை. அது அப்படியே இருந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே, பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் கிளேஸ் செக்ஷன் பெண் வேலைக்கு வந்தார். அவர் போனபோது பழைய விதிதான் நடப்பில் இருந்தது. அதனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதை நானே அவரிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியுங்க" என்றார். மெமோவின் கீழே 'விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் ஆபீஸாக இருந்தால் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதியிருப்பேன்.

அவருடைய கணவரை அண்ணன் வந்து அழைத்துப் போனார். இரண்டு பெண்களும் இவரோடு ரயில்வே லைனுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெரியவள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். யூனிட்டில் சிலர் இவரைப் பைத்தியக்காரி என்றார்கள். சிலர் சாமி என்றார்கள். இரண்டையும் அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. திட்டக்குடி மகள் மூன்று மாதம் இவரோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சின்னவளுக்குத் தலை பார்த்துப் பேன் சீப்பால் வாரிவிட்டுப் போனாள் என்று கேள்விப்பட்டேன். கேட்டதற்கு, "வந்தா மேடம்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூல் திறந்ததும் அவர் ஆபீஸுக்கு வந்தார். காலை ஷிஃப்ட்டைக் கொஞ்சம் முன்னால் தொடங்கி முன்னால் முடித்துக்கொள்ள வேண்டும். சின்னவள் ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

"ஷிஃப்ட்டு மாத்திக்கறதுக்கு ரூலு இருக்குதா மேடம்?" என்று கேட்டார்.

"இன்னும் எழுதலக்கா" என்றேன்.

முதலாளியிடம் போய் நேரிலேயே கேட்டுக்கொண்டு வந்தார். சரி என்றாராம். மற்றவர்களும் கேட்பார்கள் என்பதால் மறுநாளே நான் கிளேஸ் செக்ஷனுக்குப் போய், எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கினால் சூளைக்குச் சரக்கு தாமதமில்லாமல் போகும் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தேன்.